பிழைக்கு எண் உண்டு

பைத்தானில் ஒரு ஃபைலை அழிக்க ஒரே வரி போதும். ஓ.எஸ். என்ற மாட்யூலில் ரிமூவ் என்றொரு ஃபங்ஷன் இருக்கிறது. ஃபைலின் பெயரை அதனிடம் கொடுத்தால் வேலை முடிந்தது. 'குப்பைத்தொட்டியில் போடவா?', 'நிச்சயமாகத்தானா?' என்றெல்லாம் அது கேட்காது. புரோகிராமிங் கற்றுக்கொள்ளும் பலரும் சீக்கிரமே இந்த வரிக்கு வந்துவிடுவார்கள். வந்தபின் 'நான் அழிச்சேன்' என்பார்கள், அல்லது 'என் ஸ்கிரிப்ட் அழிச்சிருச்சு' என்பார்கள். இரண்டுமே முழு உண்மை இல்லை.

அழித்தது இயங்குதளத்தின் கெர்னல். ஸ்கிரிப்ட் கேட்டது, அவ்வளவுதான்.

இதை ஒரு டெக்னிக்கல் திருத்தமாக எடுத்துக்கொண்டு கடந்து போய்விடலாம். ஆனால் கேட்டவர் ஒருவர், செய்தவர் இன்னொருவர் என்று ஆனவுடனேயே பொறுப்பு யாருடையது என்ற பழைய கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது. அரசர், தூதர், குமாஸ்தா, கூலிப்படை என்று மனிதர்கள் எப்போதும் தங்கள் காரியங்களை அடுத்தவர் கையால் செய்தே வந்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் நடப்பதும் அதுதான். ஒரு வித்தியாசம், இங்கே ஒவ்வொரு படியையும் பிரித்துப் பார்க்க முடியும். ஒரு கட்டளை மேலிருந்து கீழே போகும்போது எந்த இடத்தில் எதை இழக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியும். அறத்தைப் பற்றி யோசிப்பவருக்கு இவ்வளவு துல்லியமான உதாரணம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

*

ஒரு ஸ்கிரிப்ட் தானாக என்னவெல்லாம் செய்ய முடியும்? கூட்டலாம், கழிக்கலாம், தனக்குக் கொடுக்கப்பட்ட நினைவகத்துக்குள் எதையாவது எடுத்து மாற்றி வைக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் முடியாது. டிஸ்கில் எழுத, நெட்வொர்க்கில் அனுப்ப, திரையில் ஓர் எழுத்தைக் காட்ட என்று தனக்கு வெளியே இருக்கும் எதைத் தொடவும் கெர்னலிடம் கேட்க வேண்டும். 'என் வேலை முடிஞ்சுது, நான் போறேன்' என்று சொல்லிவிட்டு நின்றுபோவதற்கும் அப்படியொரு அழைப்பு வேண்டும். இதற்குத்தான் சிஸ்டம் கால் என்று பெயர். இந்தக் கோட்டைப் பிராசஸர் சில்லே வன்பொருள் அளவில் காவல் காக்கிறது. சாதாரண நிரல்கள் அதிகாரம் குறைந்த நிலையிலும், கெர்னல் முழு அதிகாரம் உள்ள நிலையிலும் ஓடுகின்றன.

இப்போது ஒரு கட்டளையைப் பின்தொடர்ந்து போவோம். 'இடம் பத்தலை, போன வருஷத்து போட்டோ எல்லாம் அழிச்சிரு, ஆனா அப்பா எடுத்ததை மட்டும் விட்டுரு.' இது மனதில் இருக்கும் வடிவம். இதில் காரணம் இருக்கிறது, விலக்கு இருக்கிறது, அப்பா இருக்கிறார். இதை ஸ்கிரிப்டாக எழுதும்போது ஒரு லூப்பும் ஒரு நிபந்தனையும் ஆகிறது. மேலே காரணத்தை ஒரு கமென்ட்டாக எழுதி வைப்போம். பைத்தான் அந்த வரிகளைப் படிக்க ஆரம்பித்த உடனேயே கமென்ட்டைத் தூக்கி எறிந்துவிடுகிறது. காரணம் முதல் படியிலேயே போயிற்று. அடுத்து ரிமூவ், சி மொழியில் உள்ள அன்லிங்க் என்ற ஃபங்ஷனாகிறது. இன்டெல், ஏ.எம்.டி. சில்லுகளில் ஓடும் 64 பிட் லினக்ஸில் அன்லிங்குக்கான எண் 87. அந்த எண் ஒரு ரெஜிஸ்டரில் ஏற்றப்படுகிறது. ஃபைலின் பெயர் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்ற முகவரி இன்னொன்றில். கதவு தட்டப்படுகிறது.

கெர்னலுக்கு வந்து சேர்ந்தது இவ்வளவுதான்: 87, ஒரு பெயர். அப்பா இல்லை. போட்டோ என்பதுகூட இல்லை.

கெர்னல் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இதைச் செய்ய இவருக்கு அனுமதி உண்டா? அந்த நிரல் எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறது என்று பார்க்கும். அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரில் எழுத அவருக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்கும். (ஃபைலைத் திருத்தக்கூட அனுமதி இல்லாதவர், ஃபோல்டரில் எழுத அனுமதி இருந்தால், பொதுவாக அந்த ஃபைலை நீக்கிவிடலாம். யுனிக்ஸ் உலகில் புதிதாக வருபவர்களைத் திடுக்கிட வைக்கும் விஷயம் இது.) எல்லாம் சரியென்றால் பெயரை எடுத்துவிட்டு 0 என்று பதில் சொல்லும். 0 என்றால் வெற்றி. முடியாதென்றால் ஒரு பிழை எண். அப்படி ஒரு ஃபைல் இல்லை என்றால் 2, அனுமதி மறுக்கப்பட்டது என்றால் 13. பைத்தான் இந்த எண்களை நமக்குப் புரியும் பெயர்களாக மாற்றிச் சொல்கிறது.

சரி, அழிக்கவே கூடாத ஒன்றை, அழிக்க எல்லா அனுமதியும் உள்ள ஒருவர் அழித்தால் என்ன எண் வரும்?

0.

நான் சொல்ல வருவது இதைத்தான். இயந்திரத்திடம் பிழைக்கு எண் உண்டு, தவறுக்கு எண் இல்லை. பிழை என்பது கேட்டது நடக்காமல் போவது. தவறு என்பது நடக்கக் கூடாதது நடந்துவிடுவது. முதலாவதைப் பற்றிக் கெர்னலுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட எண்களில் சொல்லத் தெரியும். இரண்டாவதைப் பற்றி அதனிடம் சொல்லே கிடையாது.

*

இதைக் குறையாகச் சொல்லவில்லை. 'ஏன் அழிக்கிறாய்?' என்று கேட்கும் கெர்னல் ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். நம் ஒவ்வொரு செயலுக்கும் காரணம் கேட்டு, அது நியாயமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் இயங்குதளம். ஒரு வாரம்கூட யாரும் அதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். அது நல்ல நண்பனாக இருக்காது, தணிக்கை அதிகாரியாகத்தான் இருக்கும். கெர்னல் காரணம் கேட்காமல் இருப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. உன் வீட்டில் உன் பொருளை நீ என்ன செய்தாலும் உன் பாடு.

ஆனால் இந்த மரியாதைக்கு ஒரு விலை உண்டு. 'செய்யலாமா?' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம். 'செய்ய அனுமதி உண்டா?' என்பது ஒன்று. 'செய்வது சரியா?' என்பது இன்னொன்று. கெர்னல் முதல் கேள்வியை முழுசாக எடுத்துக்கொண்டு, இரண்டாவதை மேலேயே விட்டுவிடுகிறது. மேலே இருப்பவரோ, கீழே யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறார். 'தப்புன்னா சிஸ்டமே விட்டிருக்காதே' என்று சொல்பவர், 'அனுமதி உண்டு' என்ற பதிலை 'சரிதான்' என்ற பதிலாக எடுத்துக்கொள்கிறார். அலுவலகங்களில் கேட்டிருப்போம்: 'ரூல்ஸ்படிதான் பண்ணினேன்.' விதி தடுக்கவில்லை என்பதற்கும் செய்தது சரி என்பதற்கும் நடுவே உள்ள தூரத்தை அந்த வாக்கியம் ஒரே எட்டில் தாண்டிவிடுகிறது.

பைத்தான்காரர்களிடம் ஒரு வழக்கு உண்டு. அனுமதி கேட்பதைவிட மன்னிப்புக் கேட்பது சுலபம் என்பது அது. கிரேஸ் ஹாப்பரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் வாசகம், பைத்தானின் கலைச்சொல் பட்டியலிலேயே ஒரு பாணியாக இடம்பெற்றிருக்கிறது. ஃபைலைத் திறக்கலாமா என்று முன்கூட்டியே சோதிக்காதே. நேராகத் திறந்து பார், முடியாவிட்டால் வரும் பிழையைப் பிடித்துக்கொள். இதற்கு வலுவான காரணமும் இருக்கிறது. 'திறக்கலாமா?' என்று கேட்டுப் பதில் வாங்குவதற்கும் உண்மையிலேயே திறப்பதற்கும் நடுவே ஒரு கண இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் இன்னொருவர் ஃபைலை மாற்றி வைத்துவிடலாம். நேற்று வாங்கிய சம்மதத்தை வைத்துக்கொண்டு இன்று நடந்துகொள்பவரின் சிக்கல் மாதிரிதான். கேட்ட நேரத்து உலகம் வேறு, செய்யும் நேரத்து உலகம் வேறு.

ஆனால் இங்கே 'மன்னிப்பு' என்று சொல்லப்படுவது எது என்று கவனித்தால் ஒன்று தெரியும். முயன்றோம், கெர்னல் மறுத்துவிட்டது, ஒன்றும் நடக்கவில்லை. அந்த நடக்காத காரியத்துக்குத்தான் மன்னிப்பு. நடந்து முடிந்துவிட்டால் பிடிக்க எந்தப் பிழையும் வராது. போனது போனதுதான். தோற்றுப்போன முயற்சிக்கு மட்டுமே பொருந்தும் ஒரு நல்ல நிரலாக்க உத்தியை, வெற்றி பெற்ற செயல்களுக்கும் வாழ்க்கைத் தத்துவமாக நீட்டிக்கொள்வது ஸ்டார்ட்அப் மேடைகளில் சகஜம். 'முதல்ல பண்ணு, அப்புறம் சாரி சொல்லிக்கலாம்.' யாரிடம் சாரி சொல்கிறோமோ, அவர் இழந்தது திரும்பி வருமா என்பதுதான் அங்கே கேட்க வேண்டியது.

*

2015 ஜனவரியில் நடந்த ஒரு விஷயம். லினக்ஸில் ஸ்டீம் என்ற கேம் மென்பொருளைப் பயன்படுத்திய ஒருவர், அதன் ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு அதை மறுபடி ஓட்டினார். அவருக்குச் சொந்தமான எல்லா ஃபைல்களும் அழிந்துபோயின. பேக்கப் எடுத்து வைத்து, செருகிவிட்டிருந்த வெளி டிரைவில் இருந்தவையும் சேர்த்து.

காரணம் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். அதில் ஸ்டீம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று கண்டுபிடித்து ஒரு மாறியில் வைக்கும் வரி ஒன்று. அந்த மாறியில் உள்ள பாதையோடு ஒரு சாய்கோட்டைச் சேர்த்து, அதன் கீழே உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் வரி இன்னொன்று. ஃபோல்டரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனால் மாறி காலியாக இருக்கும். காலி மாறியோடு சாய்கோடு சேர்ந்தால் மிஞ்சுவது வெறும் சாய்கோடு. லினக்ஸில் வெறும் சாய்கோடு என்றால் மொத்தக் கம்ப்யூட்டரின் வேர். அதன் கீழே உள்ள எல்லாவற்றையும் அழி என்று ஆகிவிட்டது.

அந்த வரிக்கு மேலே, எழுதியவர் ஒரு கமென்ட் வைத்திருந்தார். ஆங்கிலத்தில் ஒரே சொல். 'பயமா இருக்கு!' என்று அர்த்தம்.

எழுதியவருக்கு இது ஆபத்தான வரி என்று தெரிந்திருந்தது. உள்ளுக்குள் ஏதோ உறுத்தியிருக்கிறது. அந்த உறுத்தலை அவர் எங்கே போட்டார் என்பதுதான் விஷயம். இயந்திரம் முதல் படியிலேயே தூக்கி எறியும் கமென்ட்டில் போட்டார். 'மாறி காலியாக இருந்தால் நிறுத்து' என்ற ஒரு நிபந்தனையாக அதை எழுதியிருந்தால், அந்த பயம் கீழே இறங்கி வேலை செய்திருக்கும். மனசாட்சி இல்லாதது இங்கே பிரச்சினை இல்லை. மனசாட்சி இருந்தது, அதைச் செயலில் சேர்க்காமல் ஓரக்குறிப்பில் எழுதி வைத்ததுதான் பிரச்சினை. எனக்கு இது புரோகிராமர்களைப் பற்றிய கதையாக மட்டும் தெரியவில்லை. கையெழுத்துப் போடும்போது நெருடி, நண்பரிடம் 'என்னமோ சரியாப் படல' என்று சொல்லிவிட்டு, கையெழுத்தைப் போட்டுவிடுகிற எல்லோரையும் பற்றியதுதான்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அன்று கெர்னல் தன் வேலையைச் சரியாகவே செய்தது. சாதாரணப் பயனருக்குத் தொட அனுமதி இல்லாத சிஸ்டம் ஃபைல்களைக் காப்பாற்றியது. ஒவ்வொன்றுக்கும் 'அனுமதி மறுக்கப்பட்டது'. அவை இணையத்திலிருந்து மறுபடி இறக்கிக்கொள்ளக் கூடியவை. அவருடைய சொந்த ஃபைல்களுக்கு மட்டும் 0, 0, 0. உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை அவைதான். அனுமதி என்ற ஏற்பாடு கம்ப்யூட்டரை அவரிடமிருந்து காப்பாற்றியது. அவருடைய பெயரில் ஓடிய ஒன்றிடமிருந்து அவரைக் காப்பாற்ற அதனிடம் வழியே இல்லை.

*

'அவருடைய பெயரில் ஓடிய ஒன்று' என்பதில்தான் முடிச்சு. நாம் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டும்போது நம் அதிகாரம் முழுவதையும் அதற்குக் கொடுத்துவிடுகிறோம். போட்டோக்களுக்குப் பெயர் மாற்றும் பத்து வரி ஸ்கிரிப்டும் நான் படிக்கக்கூடிய எல்லாக் கடிதங்களையும் படிக்க முடியும், நான் அழிக்கக்கூடிய எல்லாவற்றையும் அழிக்க முடியும். நிலம் விற்பவர்கள் 'பவர் எழுதிக் கொடுப்பது' என்பார்களே, அதுதான். ஒரு மனையை விற்க ஒருவருக்கு பவர் கொடுக்கும்போதே சர்வே எண் போட்டு, நான்கு எல்லையும் எழுதி, சாட்சி வைத்துக் கொடுப்போம். ஸ்கிரிப்டுக்கு மட்டும் சர்வே எண் இல்லாமல், நம் சொத்து மொத்தத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம். அதுவும் ஒவ்வொரு நாளும்.

நார்ம் ஹார்டி என்ற கணினியியலாளர் 1988இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். 'குழம்பிய பிரதிநிதி' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். பலரும் பகிர்ந்து பயன்படுத்திய ஒரு கம்ப்யூட்டரில் ஒரு கம்பைலர் இருந்தது. அது எவ்வளவு பயன்படுகிறது என்ற புள்ளிவிவரத்தைச் சிஸ்டம் ஃபோல்டர் ஒன்றில் எழுத வேண்டும். அதற்காக அந்த ஃபோல்டரில் எழுதும் சிறப்பு அதிகாரத்தை அதற்குக் கொடுத்திருந்தார்கள். வாடிக்கையாளர்களின் கட்டணக் கணக்கு ஃபைலும் அதே ஃபோல்டரில்தான் இருந்தது. அந்தக் கம்பைலரைப் பயன்படுத்துபவர், பிழைதிருத்தத் தகவலை எந்த ஃபைலில் எழுத வேண்டும் என்று ஒரு பெயர் கொடுக்கலாம். ஒரு பயனர் கட்டணக் கணக்கு ஃபைலின் பெயரைக் கொடுத்தார். பயனருக்கு அதைத் தொட அனுமதி இல்லை. கம்பைலருக்கு இருந்தது. கம்பைலர் எழுதியது, கணக்கு அழிந்தது.

யார் குற்றவாளி? பயனர் ஒரு பெயரைத்தான் சொன்னார். கம்பைலர் சொன்னதைச் செய்தது. கெர்னல் அனுமதியைச் சரிபார்த்துத்தான் விட்டது. அதிகாரம் கொடுத்தவர் வேறொரு நல்ல காரியத்துக்காகக் கொடுத்தார். எல்லோர் கையும் சுத்தமாக இருக்கிறது, கணக்கு மட்டும் காணோம். ஹார்டி சுட்டிக்காட்டும் பிரச்சினை இது: கம்பைலர் இரண்டு பேருக்கு வேலை செய்கிறது, இரண்டு பேர் கொடுத்த அதிகாரமும் அதனிடம் கலந்து கிடக்கிறது. இப்போது செய்யும் இந்தக் காரியத்தை யாருடைய அதிகாரத்தில் செய்கிறோம் என்று சொல்லவே அதற்கு வழியில்லை.

மேலாளர் ஒருவரின் நாற்காலியில் உட்கார்ந்து சொந்தக்காரருக்குக் காரியம் முடித்துக் கொடுப்பவர் இந்த இடத்தில் நினைவுக்கு வரலாம். ஆனால் அவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரியும். கம்பைலருக்குத் தெரியாது. தெரியாமலே ஒருவரின் அதிகாரத்தை இன்னொருவரின் ஆசைக்குச் செலவழிக்கும் நிலைதான் அதைவிடப் பரவலானது என்று நினைக்கிறேன். வந்ததை ஃபார்வர்ட் பண்ணுகிறவர், தன்மேல் நண்பர்கள் வைத்திருக்கும் நம்பிக்கையை, யாரென்றே தெரியாத ஒருவரின் பொய்க்குக் கடனாகக் கொடுக்கிறார். 'எனக்கு வந்துச்சு, அனுப்பினேன்' என்பது கம்பைலரின் பதில்.

*

குறளில் 'தூது' என்றொரு அதிகாரம் உண்டு. அதற்கு உரை எழுதும்போது பரிமேலழகர் தூதரை இரண்டு வகையாகப் பிரிக்கிறார். நிலைமையைப் பார்த்துத் தானே வகுத்துச் சொல்பவர் ஒருவர். சொல்லி அனுப்பியதை அப்படியே சொல்பவர் இன்னொருவர். வெறும் ஓலையைக் கொடுத்துவிட்டு நிற்பவரையும் சேர்த்து மூன்றாகச் சொல்வதும் உண்டு.

நம் ஸ்கிரிப்ட் மொழிகளிலும் இந்த மூவரும் இருக்கிறார்கள். சிஸ்டம் கால் எண்ணை நேரடியாகக் கொடுத்து அழைத்தால் மொழி வெறுமனே ஓலை கொண்டுபோகிறது. ரிமூவ் சொன்னதைச் சொல்கிறது. ஒரு ஃபோல்டரை அதற்குள் உள்ளதோடு மொத்தமாக அழிக்கும் ஃபங்ஷன், நாம் சொன்ன ஒரு வார்த்தையிலிருந்து தானே ஆயிரம் அழைப்புகளை வகுத்துக்கொள்கிறது. மேலே போகப் போகத் தூதருக்குச் சுதந்திரம் கூடுகிறது, நமக்குச் சுருக்கமாகப் பேசும் வசதி கூடுகிறது. எந்தெந்த ஃபைல் போகப்போகிறது என்று நாம் தனித்தனியாகப் பார்ப்பது குறைகிறது.

இப்போது இன்னொரு தூதர் வந்திருக்கிறார். 'இந்த புராஜெக்ட்டைக் கொஞ்சம் சுத்தம் பண்ணிக் கொடு' என்று சாதாரண மொழியில் சொன்னால், என்ன ஸ்கிரிப்ட் எழுத வேண்டும், எந்தக் கட்டளையை ஓட்ட வேண்டும் என்று தானே முடிவெடுக்கும் ஏ.ஐ. உதவியாளர்கள். இவை முழுக்க வகுத்துச் சொல்லும் ரகம். இடையிடையே 'இந்தக் கட்டளையை ஓட்டலாமா?' என்று கேட்கின்றன. பக்கத்திலேயே 'இனிமேல் கேட்காதே' என்று ஒரு வாய்ப்பும் இருக்கும். பத்தாவது தடவை கேட்கும்போது நம் விரல் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. ஹார்டியின் கம்பைலராவது ஒரு ஃபைல் பெயரில்தான் ஏமாந்தது. இவை படிக்கும் எந்த வாக்கியத்திலும் ஏமாற முடியும். வழியில் படித்த ஒரு பக்கத்தில் யாரோ எழுதி வைத்த வரியை நம் கட்டளை என்று எடுத்துக்கொண்டு, நம் அதிகாரத்தில் அதைச் செய்துவிட முடியும். கெர்னல் அப்போதும் 0 என்றுதான் சொல்லும்.

*

வேறு வழியே இல்லையா? ஓபன்பி.எஸ்.டி. என்ற இயங்குதளத்தில் 2016இல் வந்த 5.9 பதிப்பிலிருந்து பிளெட்ஜ் என்றொரு சிஸ்டம் கால் இருக்கிறது. பெயரின் அர்த்தமே உறுதிமொழி. மற்ற அழைப்புகள் பெரும்பாலும் கெர்னலிடம் ஏதாவது ஒன்றைக் கேட்கின்றன. இது திருப்பிக் கொடுக்கிறது. 'இனிமேல் நான் ஃபைல்களைப் படிப்பேன், திரையில் எழுதுவேன், அவ்வளவுதான். நெட்வொர்க் பக்கம் போக மாட்டேன்' என்று ஒரு நிரல் தானே சொல்கிறது. சொன்னபின் அந்தப் பட்டியலைக் குறைத்துக்கொள்ளலாம், கூட்ட முடியாது. மீறினால் கெர்னல் அந்த நிரலைக் கொன்றுவிடும். பெர்ல் ஸ்கிரிப்டிலிருந்து இதை அழைக்கத் தனி மாட்யூலே இருக்கிறது. நோட்.ஜே.எஸ்ஸை உருவாக்கிய ரயன் டால், அதில் தான் வருத்தப்படும் பத்து விஷயங்களைப் பற்றி 2018இல் ஒரு மாநாட்டில் பேசி, டெனோ என்ற புதிய ஒன்றை அறிமுகப்படுத்தினார். நாம் வெளிப்படையாக அனுமதி கொடுக்காவிட்டால், அதில் ஓடும் ஸ்கிரிப்ட் ஃபைலையும் நெட்வொர்க்கையும் தொட முடியாது.

இது நம்மூர் விரதம் மாதிரி. விரதம் இருப்பவருக்குச் சோறு கிடைக்காமல் இல்லை. பசி வந்தபின் யோசித்துக்கொள்ளலாம் என்று விடாமல், பசி இல்லாத நேரத்திலேயே முடிவெடுத்து வைக்கிறார். பிளெட்ஜ் சொல்லும் நிரலும் அப்படித்தான். தன்னை யாராவது ஏமாற்றக்கூடும் என்று ஏற்றுக்கொண்டு, ஏமாறுவதற்கு முன்பே தன் கையைக் கட்டிக்கொள்கிறது.

'தவறு செய்யவே முடியாமல் கட்டிப்போட்டபின் ஒழுங்காக இருப்பதில் என்ன அறம் இருக்கிறது?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கட்டுப்பட்ட நிரலிடம் அறம் ஒன்றும் இல்லை. அதன் அறம், கட்டிக்கொண்ட அந்த ஒரு வரியோடு முடிந்துவிட்டது. ஆனால் அந்த வரியை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். இந்த நிரலுக்கு என்னவெல்லாம் உண்மையிலேயே தேவை என்று பட்டியல் போட்டு, மீதியை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஸ்டீம் ஸ்கிரிப்டில் கமென்ட்டாக நின்றுபோன உறுத்தல், இங்கே இயந்திரத்துக்குப் புரியும் வடிவத்துக்கு வந்திருக்கிறது. அனுமதியைக் கேட்டு வாங்குவதற்கு யோசனை தேவையில்லை. எதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று முடிவெடுக்கத்தான், நான் செய்யப்போவது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதனால் எல்லாம் தீர்ந்துவிடாது. ஃபைல்களை அழிப்பதே வேலையாக உள்ள நிரல் அந்த அதிகாரத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அப்பா எடுத்த போட்டோ எது என்று எந்த உறுதிமொழியாலும் கெர்னலுக்குச் சொல்ல முடியாது. காரணம், விலக்கு, உறவு எல்லாம் மேல்தளத்தில் மட்டும்தான் உயிரோடு இருக்கின்றன. மனிதர்களின் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஸ்கிரிப்டில், அதை எழுதுபவரிடம், ஓட்டுபவரிடம். கீழே இறங்க இறங்க அவை ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் ஓர் எண்ணும் ஒரு பெயரும் மிஞ்சும். ஆகவே 'இது சரியா?' என்ற கேள்வியைக் கேட்பதற்கு அடுத்த படியில் யாரும் இல்லை. அனுமதி உண்டு என்று பதில் வந்துவிட்டால் அந்தக் கேள்வி முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதை இனி நாம் மட்டும்தான் கேட்க முடியும் என்று அர்த்தம்.